வெளியாளை உடம்பு எப்படிப் பிடிக்கிறது? வகுப்பிலும் படலையிலும் கேட்ட கேள்விகள்

கிளிநொச்சிப் பக்கம் உயர்தர உயிரியல் படிப்பிக்கிறேன். நிர்ப்பீடனம், அதாவது உடம்பின் நோயெதிர்ப்பு, என்ற அலகு வந்தால் பிள்ளைகள் ஒரு மாதிரிக் கேட்பார்கள். விசயம் தெரிந்து அவர்களின் வீட்டார் படலையில் மறித்துக் கேட்பது வேறு மாதிரி. சிறுநீரகம், பாம்புக்கடி, உடம்புக்குள் கிடக்கும் இரும்பு. பதில் எல்லாம் சுற்றிச் சுற்றி ஒரே இடத்துக்கு, கலத்தின் மேற்பரப்பில் நிற்கும் புரதங்களுக்குத்தான் வந்து சேர்கிறது. ஆகவே இரண்டு வகைக் கேள்விகளையும் சேர்த்தே எழுதிவிட்டேன். கேட்டவர்களின் வாய்மொழியை மாற்றவில்லை.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தப் பக்கத்தில் 'செல்' என்று வந்தால் அது வெடிக்கிற செல். தமிழ்நாட்டுப் புத்தகங்களில் வரும் 'செல்'லுக்கு இங்கே 'கலம்'. வன்னியில் இதைச் சொல்லாமல் தொடங்கினால் வகுப்பில் குழப்பம் வரும், எனக்கு வந்திருக்கிறது.

ரீச்சர், புரதத்துக்குக் கலத்துக்கு வெளியில என்ன வேலை?

கல மென்சவ்வு ஒரு கொழுப்புப் படலம். வெளியில் நடப்பது உள்ளே தெரியாது, உள்ளே நடப்பது வெளியில் தெரியாது. இரண்டு பக்கமும் செய்தி போகவேண்டும் என்றால் படலத்தை ஊடறுத்து யாராவது நிற்க வேண்டும். அந்த வேலையைப் புரதங்கள் செய்கின்றன. நிர்ப்பீடனத்தில் சில புரதங்கள் காட்டும், சில பார்க்கும், சில மணந்து பிடிக்கும். காட்டுபவை எம்.எச்.சி புரதங்கள். பார்ப்பவை, ரி கலம், பி கலம் என்ற இரு வகை வெண்குழியங்களின் மேல் நிற்பவை: ரி கலத்தின் வாங்கியும் (பிடித்துணரும் புரதம்) பி கலத்தின் பிறபொருளெதிரியும். மணம் பிடிப்பவை 'ரோல் போன்ற வாங்கிகள்'.

எம்.எச்.சி எண்டா கலத்தின்ர ஐசி எண்டு ரியூசன்ல சொல்லித் தந்தவை. சரியோ?

பாதி சரி. ஓமந்தைச் சோதனைச் சாவடியில் வரிசையில் நின்ற தலைமுறைக்கு அந்த உவமை உடனே பிடிபடும் என்பதால் எல்லாரும் அதையே சொல்கிறோம், நானும் சொல்லியிருக்கிறேன். ஆனால் ஐசியில் (அடையாள அட்டையில்) ஆளின் பெயரும் ஊரும்தான் இருக்கும். அவர் வீட்டு அடுப்பில் இன்றைக்கு என்ன கொதிக்கிறது என்று அதில் இராது. எம்.எச்.சி காட்டுவதோ அடுப்பில் கொதிப்பதை.

இப்படி நினைத்துப் பாருங்கள். ஒரு ஊரில் எல்லா வீட்டுக்கும் கிடுகு வேலி. உள்ளே எட்டிப் பார்க்க முடியாது. ஆனால் அன்றன்று சமைப்பதில் ஒரு கிள்ளு எடுத்துப் படலையில் வைக்கவேண்டும் என்று ஊர்க்கட்டுப்பாடு. தெருவில் நடக்கும் காவலாளி வீட்டுக்குள் போவதில்லை. படலையில் இருப்பதை மட்டும் பார்த்துக்கொண்டு போவார்.

கலத்தில் நடப்பதும் இதுதான். உள்ளே தயாராகும் புரதங்களில் ஒரு பகுதியைப் புரோட்டியசோம் என்ற அரைக்கும் பொறி சிறு துண்டுகளாக நறுக்குகிறது. 8 முதல் 10 அமினோவமிலம் நீளமான துண்டுகள் எம்.எச்.சி முதலாம் வகுப்பின் பள்ளத்தில் பொருந்தி மேற்பரப்புக்கு வருகின்றன. ஒரு கலத்தின் மேல் இப்படி இலட்சக் கணக்கில் நிற்கும். சுகமான கலத்தில் அத்தனையும் வீட்டுச் சாப்பாடு. வைரசு புகுந்தால் அதுவும் அதே அடுப்பில்தான் தன் புரதத்தைச் சமைக்கவேண்டும். அதிலும் ஒரு கிள்ளு படலைக்கு வரும், காவலாளி நின்றுவிடுவார்.

கரு உள்ள ஏறக்குறைய எல்லாக் கலங்களிலும் முதலாம் வகுப்பு உண்டு. இரண்டாம் வகுப்பு, விழுங்குவதையும் காட்டுவதையுமே தொழிலாகக் கொண்ட சில கலங்களில்: டென்ட்ரிற்றிக் கலம், தின்குழியங்களில் பெரியவை, பி கலம். அவை காட்டுவது வெளியிலிருந்து விழுங்கியதை. துண்டும் கொஞ்சம் நீளம். பரீட்சைக்கு இவ்வளவு போதும். மனிதரில் எம்.எச்.சிக்கு எச்.எல்.ஏ என்று பெயர். 1958இல் பிரான்சின் ஜோன் டோசே முதலாவதைக் கண்டுபிடித்தார். அதற்குரிய பரம்பரையலகுகள் 6ஆம் நிறமூர்த்தத்தில் நெருக்கமாக இருக்கின்றன. கீழே சிறுநீரகக் கதைக்கு இந்த நெருக்கம் தேவைப்படும்.

அப்ப ரி கலம் வைரசை நேர பாக்காதோ?

பார்க்காது. இந்த அலகில் எனக்கு மிகப் பிடித்த இடம் இதுதான்.

1974இல் அவுஸ்திரேலியாவின் கன்பராவில் ரொல்ஃப் சிங்கர்நாகல், பீற்றர் டோகர்ற்றி என்ற இருவர் சுண்டெலிகளுக்கு ஒரு வைரசைத் தொற்றவைத்தார்கள். அந்த எலியின் கொல்லும் ரி கலங்களை எடுத்து, அதே வைரசு தொற்றிய கலங்களோடு கலந்தார்கள். கலங்கள் அதே இன எலியினுடையவை என்றால் கொன்றன. வேறு எம்.எச்.சி உள்ள எலியினுடையவை என்றால், உள்ளே அதே வைரசு இருந்தும், கண்டுகொள்ளவே இல்லை. ரி கலம் தேடுவது தனி வைரசை அல்ல, 'என் எம்.எச்.சியின் கையில் இருக்கும் வைரசுத் துண்டை' என்பது அங்கே தெரிந்தது. 1996இல் இருவருக்கும் நோபல் கிடைத்தது.

கை எப்படி இருக்கும் என்பது 1987இல்தான் தெரிந்தது. பமேலா பியோர்க்மன், டொன் வைலி குழுவினர் எச்.எல்.ஏ-ஏ2 புரதத்தைப் பளிங்காக்கி எக்ஸ்-கதிரில் பார்த்தார்கள். மேலே ஒரு பள்ளம். அதில் ஏதோ இன்னதென்று பிரித்தறிய முடியாத பொருள் கிடந்தது. அது எச்.எல்.ஏயின் பகுதி அல்ல. படலையில் வைத்த கிள்ளு அதுதான்.

பி கலம் வேறு சாதி. அதன் மேற்பரப்பில் நிற்கும் பிறபொருளெதிரி, மிதந்து வரும் முழு மூலக்கூற்றையே, மடிப்போடும் வளைவோடும் நேரே பிடிக்கும். புரதமாகத்தான் இருக்கவேண்டும் என்றும் இல்லை, வெல்லமானாலும் (சர்க்கரை மூலக்கூறு) பிடிக்கும். உங்கள் குருதி வகையில் ஏ, பி என்பவை செங்குருதிக் குழியத்தின் மேல் நிற்கும் வெல்லங்கள்தான். ஆர்.எச்.டி மட்டும் புரதம்.

வைரசு கெட்டித்தனமா படலையை இழுத்து மூடினா?

பின்வாங்கில் இருந்து ஒரு பெடியன் கேட்டது. 'நீ வைரசாய்ப் பிறந்திருக்கவேண்டியவன்' என்றேன். கேர்ப்பீசுக் குடும்பத்து வைரசுகள் அதைத்தான் செய்கின்றன: எம்.எச்.சியை மேலே வரவிடாமல் உள்ளேயே பிடித்து வைக்கின்றன. சில புற்றுநோய்க் கலங்களும் அப்படியே.

அதற்கு உடம்பு இன்னொரு காவலாளியை வைத்திருக்கிறது: இயற்கைக் கொல்லிக் கலம். படலையில் என்ன இருக்கிறது என்பது அதற்குப் பெரிதல்ல. படலை வெறுமையாக இருந்தால்தான் அதற்குச் சந்தேகம் வரும். எம்.எச்.சியைக் கண்டால் அதன் வாங்கி 'விடு' என்கிறது. காணாவிட்டால் தடுப்பு விலகுகிறது. 1986இல் சுவீடனின் கிளாஸ் காரே குழுவினர் காட்டியது.

'வெளியாள்' எண்டு ஆர் தீர்மானிக்கிறது? மூலக்கூற்றில எழுதியிருக்கோ?

எழுதியில்லை. ஒரு மூலக்கூறு தன்னளவில் அந்நியமும் இல்லை, சொந்தமும் இல்லை. ரி கலம் சிறுவயதில் தைமசுச் சுரப்பியில் எதைக் கண்டு பழகியதோ அது சொந்தம். காணாதது வெளி.

ரி கலத்தின் வாங்கிகள் பரம்பரையலகுத் துண்டுகளைச் சீட்டுக் குலுக்குவதுபோல் குலுக்கிச் செய்யப்படுகின்றன. ஆகவே எந்த வடிவமும் வரலாம், சொந்த உடம்பையே பிடிக்கும் வடிவமும் வரும். நெஞ்சென்பின் பின்னால் இருக்கும் தைமசில் இரண்டு சோதனை. எம்.எச்.சியை ஒட்டவே தெரியாத கலம் சாகும். சொந்தத் துண்டோடு இருக்கும் எம்.எச்.சியை இறுக்கிப் பிடிக்கும் கலமும் சாகும். தப்பி வெளியே வருவது மிகச் சிறு பங்கு. ஈரல், சதையி போன்ற தூர உறுப்புகளின் புரதங்களைக்கூடத் தைமசுக் கலங்கள் கொஞ்சம் கொஞ்சம் தாமே செய்து காட்டுகின்றன. எவ்வளவு அக்கறை பாருங்கள். அப்படியும் சறுக்கி வெளியே வருபவற்றை அடக்க ஒழுங்காக்கும் ரி கலங்கள் இருக்கின்றன. 2025 மருத்துவ நோபல் அந்தக் கண்டுபிடிப்புக்குத்தான்.

கண்ணுக்குள் இருக்கும் சில புரதங்களை நிர்ப்பீடனத் தொகுதி வழக்கமாகச் சந்திப்பதே இல்லை. சன்னமோ செல் துண்டோ ஒரு கண்ணைத் துளைத்தால் அவை வெளியே கசியும். மிக அரிதாக, கிழமைகளோ மாதங்களோ கழித்து, காயமே படாத மற்றக் கண்ணையும் ரி கலங்கள் தாக்கத் தொடங்கும். ஒரு கண் காயப்பட்டவருக்கு மற்றக் கண் சிவந்து மங்கினால் அன்றே கண் டொக்ரரிடம் போகவேண்டும் என்பது இதனால்.

காலில முள்ளுக் குத்தினா ஏன் அரையில நெறி கட்டுது?

வயலில் வேலை செய்யும் ஒரு அம்மா கேட்டது. பாடநூல் இரண்டு பக்கத்தில் சொல்வதை அவர் ஒரு வரியில் பார்த்துவிட்டார்.

முள்ளோடு பற்றீரியா உள்ளே போகிறது. தோலில் கொப்புக் கொப்பாய்க் கை நீட்டிக் கிடக்கும் டென்ட்ரிற்றிக் கலம் அதை மணந்து பிடிக்கிறது. ரோல் போன்ற வாங்கிகளில் நான்காம் இலக்கம், சில பற்றீரியாக்களின் சுவரில் இருக்கும் கொழுப்பு வெல்லத்தைப் பிடிப்பது. அந்தப் பொருள் மனிதக் கலங்களில் கிடையாது. மணம் பட்டதும் டென்ட்ரிற்றிக் கலம் விழுங்கி, நறுக்கி, துண்டை இரண்டாம் வகுப்பு எம்.எச்.சியில் ஏந்திக்கொண்டு நிணநீர் வழியே கிட்டிய நிணநீர்க்கணுவுக்குப் போகிறது. காலுக்குக் கிட்டிய பெரிய சந்தி அரையில். அங்கே ஆயிரக்கணக்கான ரி கலங்கள் வரிசையாக வந்து பார்க்கும். பொருந்தியது பெருகத் தொடங்கும். அந்தப் பெருக்கமும் அதனால் கணுவில் வரும் வீக்கமும்தான் நெறி.

இதில் மாணவர் விடும் புள்ளி ஒன்று உண்டு. துண்டைக் காட்டினால் மட்டும் ரி கலம் எழும்பாது. காட்டும் கலம் பி7 என்ற இன்னொரு மேற்பரப்புப் புரதத்தையும் உயர்த்தி, ரி கலத்தின் சி.டி.28ஐத் தொடவேண்டும். ஆபத்து மணம் பட்ட பிறகுதான் பி7 நன்றாக உயரும். துண்டு இருந்து பி7 இல்லாவிட்டால் ரி கலம் பெரும்பாலும் சோர்ந்து படுத்துவிடும். புதிதாய் இருப்பது மட்டும் போதாது, ஆபத்தானதாயும் இருக்கவேண்டும்.

மலேரியா எங்களுக்குத் திரும்பத் திரும்ப வந்ததே. ஒருக்கா வந்தா உடம்பு பழகாதோ?

வன்னியில் ஐம்பது வயது தாண்டிய யாரைக் கேட்டாலும் குளிரும் நடுக்கமும் பற்றி ஒரு கதை இருக்கும். உள்ளூரில் தொற்றிய கடைசி நோயாளி 2012 ஒக்ரோபரில். 2016 செப்ரெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடு என்று அறிவித்தது. நுளம்பு இன்னும் இருக்கிறது, ஆகவே வெளிநாட்டில் இருந்து காய்ச்சலோடு வருபவருக்கு இரத்தம் பார்ப்பதை விடக்கூடாது.

ஏன் பழகவில்லை? ஒட்டுண்ணி ஒளிக்கும் இடத்தைப் பாருங்கள். செங்குருதிக் குழியத்துக்குக் கரு இல்லை, புரதம் சமைக்கும் அடுப்பு இல்லை, எம்.எச்.சியும் இல்லை எனலாம். படலையே இல்லாத வீடு. கொல்லும் ரி கலம் பக்கத்தால் போனாலும் உள்ளே யார் இருக்கிறார் என்று தெரியாது. ஒட்டுண்ணி முதலில் சில நாள் ஈரல் கலத்தில் தங்கும். அங்கே படலை உண்டு, ஆனால் அந்தத் தங்கல் பெரும்பாலும் குறுகியது.

பல்சிப்பாரம் என்ற கொடிய வகை இன்னும் ஒரு படி மேலே போகிறது. குழியத்தின் மேற்பரப்பில் தன்னுடைய ஒட்டும் புரதத்தை நட்டு, இரத்தக் குழாய்ச் சுவரில் ஒட்டிக்கொள்கிறது, மண்ணீரலுக்குள் போய் வடிகட்டுப்படாமல் இருக்க. இது அந்நியப் புரதம் வெளியே நிற்பதுதானே, பிறபொருளெதிரி பிடிக்காதா? பிடிக்கும். ஆனால் அந்தப் புரதத்துக்கு ஒட்டுண்ணியிடம் ஏறக்குறைய 60 பரம்பரையலகுகள் உண்டு. ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் போடும். உடம்பு ஒன்றுக்குப் பிறபொருளெதிரி செய்து முடிக்க, அது சட்டை மாற்றியிருக்கும். பல வருடம் திரும்பத் திரும்பத் தொற்றியவர்களுக்குத்தான் ஓரளவு தாங்கும் சக்தி வரும்.

நம் நாட்டில் கூடுதலாக இருந்தது வைவக்சு. அது குழியத்துக்குள் நுழையப் பிடிப்பது 'டஃபி' என்ற நம்முடைய சொந்த மேற்பரப்புப் புரதத்தை. மேற்கு ஆபிரிக்கர் பெரும்பாலானோரின் செங்குருதிக் குழியத்தில் டஃபி இல்லை. அவர்களுக்கு வைவக்சு மிக அரிது. நமக்கு அந்த அதிட்டம் இல்லை.

அண்ணைக்கு ரெண்டு சிறுநீரகமும் போயிட்டு. நான் குடுக்கலாமோ, அண்ணி குடுக்கலாமோ?

வவுனியாவின் சில பகுதிகளில் காரணம் முழுதாகத் தெரியாத சிறுநீரக நோய் நிறையப் பேரைப் பிடித்திருக்கிறது. இந்தக் கேள்வி எனக்கு வகுப்பில் வரவில்லை, பஸ்ஸில் வந்தது. முடிவு டொக்ரர்மாருடையது. நான் சொல்லக்கூடியது கணக்கு.

எச்.எல்.ஏ பரம்பரையலகுகள் 6ஆம் நிறமூர்த்தத்தில் நெருங்கி இருப்பதால் ஒரு கட்டாகத்தான் பிள்ளைக்கு வரும். அப்பாவிடம் இரண்டு கட்டு, அம்மாவிடம் இரண்டு கட்டு. ஆகவே கூடப்பிறந்த இருவருக்கு இரண்டு கட்டும் ஒன்றாய் இருக்க நாலில் ஒரு வாய்ப்பு, ஒன்று மட்டும் ஒத்துப்போக நாலில் இரண்டு, ஒன்றுமே ஒவ்வாமல் போக நாலில் ஒன்று. தாய்க்கும் பிள்ளைக்கும் எப்போதும் பாதி. மச்சான் மச்சாள் கட்டிய குடும்பங்களில் ஒரே கட்டு இரண்டு பக்கத்தாலும் வந்திருக்கக்கூடும். அங்கே பொருத்தம் எதிர்பாராத இடத்தில் கிடைக்கலாம். வெளியில் தேடினால் கடினம்: உலகில் இதுவரை பதிவான எச்.எல்.ஏ வடிவங்கள் 30,000க்கும் மேல்.

இவ்வளவு வேறுபாடு ஏன் தொல்லை தருகிறது? அந்நியரின் எம்.எச்.சியே நம் ரி கலங்களுக்கு அந்நியத் துண்டை ஏந்திய நம் எம்.எச்.சி மாதிரித் தெரிகிறது. சாதாரண வைரசுத் துண்டுக்கு எழும்பும் ரி கலங்கள் மிகச் சில, அந்நிய எம்.எச்.சிக்கு நூற்றுக்கு ஒன்று முதல் பத்து வரை எழும்பும். 1954இல் பொஸ்ரனில் முதன்முதல் வெற்றியாக நடந்த சிறுநீரக மாற்று, ஒரே கருவில் பிறந்த இரட்டையர் இடையே நடந்தது இதனால்தான். இன்றைக்கு ரி கலத்தை அடக்கும் குளிசைகள் இருப்பதால் மனைவியும் கொடுக்கலாம், நிறையப் பேர் கொடுக்கிறார்கள். குளிசையை ஒருநாள்கூட விடக்கூடாது, அவ்வளவுதான்.

பலருக்குத் தெரியாத ஒன்று: மனைவி கணவனுக்குக் கொடுப்பதும் கணவன் மனைவிக்குக் கொடுப்பதும் ஒன்றல்ல. பிள்ளை பெற்ற தாய்க்கு, வயிற்றில் இருந்த பிள்ளை வழியாகக் கணவனின் எச்.எல்.ஏக்கு எதிரான பிறபொருளெதிரிகள் ஏற்கெனவே உருவாகியிருக்கக்கூடும். இரத்தம் ஏற்றியவர்களுக்கும் அப்படி வரலாம். அதைப் பார்க்கத்தான் கொடுப்பவரின் வெண்குழியங்களோடு பெறுபவரின் இரத்தத் தெளியத்தைக் கலந்து பார்க்கும் சோதனை. முன்பு பிள்ளைப்பேறு, கருச்சிதைவு, இரத்தம் ஏற்றியது எதுவானாலும் கேட்கும்போது ஒளிக்காமல் சொல்லுங்கள். செல்லடிக் காலத்தில் இரத்தம் ஏற்றியதைப் பலர் மறந்தே போயிருக்கிறார்கள்.

பிள்ளையும் பாதி வெளியாள்தானே. தாய் ஏன் தள்ளேல்லை?

தாய்க்கும் பிள்ளைக்கும் இடையில் இருக்கும் சூல்வித்தகத்தின் வெளிக்கலங்கள் வழமையான எச்.எல்.ஏ-ஏ, பி இரண்டையும் காட்டுவதில்லை. எச்.எல்.ஏ-ஜி என்ற, ஏறக்குறைய எல்லாருக்கும் ஒரே மாதிரியான ஒன்றைக் காட்டுகின்றன. அது இயற்கைக் கொல்லிக் கலத்தைச் சாந்தப்படுத்தும். காரணங்கள் வேறும் உண்டு, பாடத்திட்டத்துக்கு இது போதும்.

புடையன் கடிச்சு ஊசி போட்டவை. ஊசி போட்டவுடன ஏன் உடம்பெல்லாம் தடிச்சு மூச்சு முட்டினது?

விசத்தால் இல்லை, ஊசி மருந்தால். இங்கே போடும் விசமுறி இந்தியாவில் குதிரைக்குச் சிறுகச் சிறுக விசம் ஏற்றி, குதிரையின் பிறபொருளெதிரியை எடுத்துச் செய்வது. விசத்தைப் பிடிப்பது குதிரைப் புரதம். நம் உடம்புக்கு அந்தக் குதிரைப் புரதமே வெளியாள். தோலுக்கடியில் இருக்கும் மாஸ்ற் கலங்கள் வெடித்துக் கிசுரமீன் என்ற பொருளைக் கொட்டினால் தடிப்பும் மூச்சுமுட்டும் வரும். அதற்கு அட்ரினலின் தயாராக வைத்திருப்பார்கள். ஒன்றிரண்டு கிழமை கழித்துக் காய்ச்சலும் மூட்டு நோவும் வந்தால் அதுவும் அதே குதிரைப் புரதக் கணக்கு, போய்க் காட்டவேண்டும். இந்தப் பயத்தில் ஊசி வேண்டாம் என்று பார்வை பார்க்கப் போவது மட்டும் வேண்டாம். அட்ரினலினால் மூச்சுமுட்டைத் திருப்பலாம், புடையன் விசம் குழப்பிய இரத்த உறைவை மந்திரத்தால் திருப்ப முடியாது.

எனக்குத் துடையில செல் துண்டு கிடக்கு. இவ்வளவு வருசமா உடம்பு ஏன் அதை வெளியாள் எண்டு காட்டிக் குடுக்கேல்லை?

இதைக் கேட்டவர் ஒரு மாணவியின் தகப்பன். நான் உடனே பதில் சொல்லவில்லை, இரண்டு நாள் யோசித்தேன்.

படலையில் வைக்க ஒரு கிள்ளு வேண்டும். இரும்பை நறுக்கி 9 அமினோவமிலத் துண்டாக்க எந்தக் கலத்தாலும் முடியாது. எம்.எச்.சியின் பள்ளத்தில் இரும்புக்கு இடமில்லை, ஆகவே ரி கலத்தின் உலகத்தில் அந்தத் துண்டு இல்லவே இல்லை. காயம் பட்ட நாளில் சீழ் வந்ததே என்றால், அது துண்டோடு போன மண்ணுக்கும் சீலைக்கும் அவற்றில் இருந்த பற்றீரியாவுக்கும்.

உடம்பு சும்மாவும் விடவில்லை. உலோகத்தின் மேல் நம் சொந்த இரத்தப் புரதங்கள் போய் ஒட்டும். தின்குழியங்கள் அந்தப் புரதத்தைத் தங்கள் வாங்கிகளால் பிடித்து, விழுங்க முயன்று, முடியாமல், ஒன்றோடொன்று இணைந்து இராட்சதக் கலங்களாகின்றன. பிறகு நார் இழையத்தால் ஒரு உறை கட்டி மூடிவிடுகின்றன. தடவினால் உருளும் கட்டி அந்த உறைதான்.

எல்லா உலோகமும் இப்படிப் பேசாமல் கிடக்காது. கவரிங் தோடு போட்டுக் காது சொறிந்தவர்களுக்குத் தெரியும். அதில் கரையும் நிக்கல், எம்.எச்.சியிலும் அது ஏந்தும் துண்டிலும் போய் ஒட்டி, சொந்தத்தையே அந்நியமாய்க் காட்டிவிடும். போதாததற்கு மனிதரின் நான்காம் இலக்க ரோல் போன்ற வாங்கியையும் நேரே தட்டும். துண்டும் மணமும் இரண்டும் கிடைத்தால் ரி கலத்துக்கு வேறென்ன வேண்டும்?

அவரிடம் கடைசியாகச் சொன்னது பாடத்தில் இல்லாதது. கிடக்கும் துண்டு சிவந்து, சூடாகி, புதிதாய் நொந்தால் காட்டவேண்டும். நோ இல்லாவிட்டாலும், எப்போதாவது எம்.ஆர்.ஐ எடுக்க எழுதித் தந்தால், படுக்கையில் ஏறமுன் உள்ளே இரும்பு இருக்கிறதென்று அங்கே நிற்பவரிடம் சொல்லவேண்டும். நிர்ப்பீடனத் தொகுதி காணாத அந்தத் துண்டைக் காந்தம் காணும்.